அடுத்த வருஷம் எங்கிருந்து கட்டுவேன்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறேன், அதனால்தான் கடிதம். நானும் மகளும் ஏதோ இருக்கிறோம்.

லிஃப்ட் பழுதுபார்க்கப் போய் விழுந்த உன் மாமாவின் உயிருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை நீ சொன்ன திட்டத்திலேயே போட்டுவிட்டேன். நீ புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. எங்கள் தையல் கம்பெனி சூப்பர்வைசர் மனை வாங்கச் சொல்கிறார். வீட்டுக்காரம்மா தங்கம் என்கிறாள். "பேசாம பாங்க்ல போட்டுட்டு நிம்மதியா இருடி" என்கிறாள் பக்கத்து மெஷின்காரி. எனக்கு என்ன தேவை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீயாவது கேள். ஜூனில் மகளை நர்ஸிங்கில் சேர்க்க வேண்டும். மாசம் பிறந்தால் வாடகை. அப்போது இந்தப் பணம் கைக்கு வருமா?

உன் மாமா செருப்பை இன்னும் வாசலிலேயே விட்டிருக்கிறேன். ஆம்பளை இருக்கிற வீடு என்று தெரியட்டும்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வீணாகக் கலங்காதே. மனையை அவசரத்துக்கு விற்க முடியாது. தங்கம் ஏறும், இறங்கும். பாங்க் வட்டியை விலைவாசி தின்றுவிடும். நான் போட்டுக் கொடுத்தது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது. பத்து வருஷத்தில் மகள் கல்யாணத்துக்கே ஆகும். ஃபீஸை அப்புறம் பார்க்கலாம். பாலிசி தபாலில் வரும். பிரித்துப் படித்துக் குழம்பாமல் பீரோவில் வை.

இந்த மாச டார்கெட் முடிந்ததென்று ஆபீசில் மேனேஜர் எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பி,

பாலிசி வந்தது. பீரோவில் வைக்கத்தான் போனேன், மனசு கேட்கவில்லை. பாங்க் கவுண்டர் பெண்ணிடம் படிக்கச் சொன்னேன். இதே தொகையை வருஷா வருஷம் பத்துத் தடவை கட்ட வேண்டுமாம். ஐந்து வருஷத்துக்கு எடுக்க முடியாதாம். அடுத்த வருஷம் எங்கிருந்து கட்டுவேன்? உன் மாமா இன்னொரு தடவை விழுவாரா?

என் தொழில் 'சொந்த வியாபாரம்' என்று போட்டிருக்கிறது. "கடை எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். கூசிப்போனேன்.

கெட்ட திட்டம் என்று சொல்லவில்லை. வருஷா வருஷம் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு இருக்கட்டும். டார்கெட் முடியாமல் வேலைக்கு ஆபத்து என்றால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே, கொஞ்சம் கொடுத்திருப்பேன். எனக்கு விற்றிருக்க வேண்டாம்.

மாசக் கடைசிக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்தால் ரத்தாகுமாம். பயமாக இருக்கிறது. நீயே வந்து கூட்டிப் போ.

அக்கா

மார்ச் 31

தம்பி,

நேற்று வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று இரண்டு பஸ் மாறி உங்கள் ஆபீசுக்கு வந்தேன். உன் பெயர் வைத்த மேசையில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. உன்னைக் காணோம்.

ரத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதி தருவார்களாம். வாடகைக்கு உள்ளது சேமிப்புக் கணக்கில் கிடக்கும். ஃபீஸுக்கு வருஷத்துக்கு ஒரு டெபாசிட், ஒவ்வொன்றும் அந்தந்த ஜூனில் முடிகிற மாதிரி. விலைவாசியைப் பற்றி நீ சொன்னது சரிதான். அதனால் தொடாமல் விடக்கூடிய கொஞ்சத்தை மட்டும் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறேன்.

உங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் கேட்டார். "ஏஜென்ட் மேல புகார் எழுதணுமாம்மா? உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

புகார் இல்லை என்றேன். தெரிந்தவர் என்றேன். தம்பி என்று வாயில் வரவில்லை.

நீ எதிரில் வந்து நின்றால் வருமோ என்னவோ.

அக்கா