கனி அக்காவின் அளவு

ஜூலை 23, புதன்

காலையில இருந்தே ஆடிக் காத்து. மாடியில காயப்போட்ட துணியெல்லாம் உப்பும் புழுதியுமா ஆயிருச்சு. ரெண்டாவது தடவ அலசிப் போட்டேன்.

செய்ய வேண்டியது: காலேஜ் ப்ராஜெக்டுக்கு மூணாவது உடுப்போட காலர். மெஷினுக்கு எண்ணெய். ரெண்டு பாபின். பெங்களூருக்குப் பதில்.

கடைசி வேலைய மட்டும் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கேன். மே, ஜூன்ல இன்டர்ன்ஷிப் செஞ்ச அதே ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெளிநாட்டுக் கடைகளுக்காக திருப்பூர் கம்பெனிகள்ல தைக்கக் கொடுத்து வாங்கி அனுப்புற ஆபீஸ். திங்கட்கிழமைக்குள்ள சொல்லணுமாம். என் வகுப்புல யாருக்குக் கெடச்சாலும் உடனே சரின்னு சொல்லியிருப்பாங்க. எனக்கும் வேணும். ரொம்ப வேணும். அங்க சாம்பிள் ரூம்ல ஒரு நீளக் கோட்டு தொங்கும். சாம்பல் நிறம், உள்ள வழுவழுன்னு லைனிங். ஆள் இல்லாத நேரம் பாத்து ஒரு தடவ மாட்டிப் பாத்தேன். அது தோள்ல உக்காந்த விதத்த இப்ப நினைச்சாலும் முதுகு தானா நிமிருது. தூத்துக்குடி வெயிலுக்கு அந்தக் கோட்டு எதுக்கு? ஒண்ணுக்கும் இல்ல. ஆனாலும்.

மத்தியானம் ரூபன் அத்தான்கிட்ட இருந்து மெசேஜ். அவங்க ஊர் புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்கு அவரும் அக்காவும் வாராங்களாம். சனி வந்து, ஞாயிறு சாயங்காலம் திருப்பூருக்குத் திரும்பிருவாங்க. கடைசி வரி: 'கனிக்கு உன்னத் தேடுதாம்.'

அதையே திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அக்கா கல்யாணம் மாதா கோயில்ல நடந்து மூணு வருஷம். எங்க வீட்ல இருந்து யாரும் போகல. அப்பா போக விடல. அதுக்குப் பிறகு அவ பேர அவர் வாயால கேட்டதில்ல. அவளும் அத்தானும் திருப்பூர்ல ஒரே பனியன் கம்பெனி. அவ தையல், அத்தான் அயர்ன். எனக்கு அவ ஃபோன் திரையில தெரியுற ஒரு முகம் மட்டும்தான் இப்ப. கழுத்துக்குக் கீழ அவளப் பாத்து மூணு வருஷம் ஆச்சு.

குர்தா ஒண்ணு தைக்கப் போறேன். ப்ராஜெக்ட் கெடக்கட்டும்.

ஜூலை 24, வியாழன்

காத்து குறையல. கண்ணெல்லாம் மண்.

கட்பீஸ் கடையில கைத்தறித் துணி கெடச்சுது. கருநீலத்துல பொடிக் கட்டம். தூக்கி வெளிச்சத்துல பிடிச்சேன், அவ தெரிஞ்சா. வேணுங்கிறதவிட அரை மீட்டர் கூடவே வாங்கினேன், ஏன்னு தெரியல.

அளவு கேட்டா விஷயம் தெரிஞ்சிரும். கேக்கல. மார்பு 34, இடுப்பு 28, தோள் 14. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். பள்ளிக்கூட நாள்ல நான் தைக்கிறதுக்கெல்லாம் அவதான் பொம்மை. குண்டூசி குத்தினாக்கூட அசையாம நிப்பா. "முடிஞ்சுதாளா?" மட்டும் கேப்பா.

ரெண்டு பக்கமும் பை வைக்கணும். பை இல்லாத உடுப்ப அவ உடுப்புன்னே ஒத்துக்க மாட்டா.

சாயங்காலம் கொஞ்ச நேரம் அப்பா கடையில. ஆடித் தள்ளுபடி, ரெடிமேடு டாப்பு எல்லாம் மேசையில குவியலா. ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு எடுத்த டாப்புல கழுத்தச் சுத்தி பிளாஸ்டிக் முத்து. அம்மா இழுத்துப் பாத்ததுல ஒண்ணு கையோட வந்துருச்சு.

"அண்ணாச்சி, இது ரெண்டு தண்ணிக்குத் தாங்குமா?"

"தாங்கும்மா."

"தாங்காட்டி?"

"அடுத்த ஆடி வரும்லா."

அந்த அம்மாவே சிரிச்சுட்டாங்க. பொண்ணு சிரிக்கல. டாப்ப மேல வச்சுக் கண்ணாடி முன்னால நின்னா. முகம் மாறிச்சு. நான் அந்தக் கோட்டப் போட்டப்ப என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

போன வருஷம் 'விலை மலிவான உடுப்பும் அதன் பின்விளைவும்'னு செமினார் எடுத்து எல்லார்ட்டயும் கைதட்டு வாங்கினவ நான். இந்தப் புள்ளைட்ட என்ன சொல்ல? வாங்காத, ஆத்துல சாயம் கலக்குதுன்னா? அவ ஆசையும் நெசம், சாயமும் நெசம். நான் பேசாம பில் போட்டேன்.

துணி வெட்டியாச்சு.

ஜூலை 25, ஆடி வெள்ளி

தெருவுல ஒலிபெருக்கி. கூழு வாசம்.

குர்தாவுக்குக் கை வச்சுத் தைக்கும்போது அம்மா வந்து நின்னா.

"யாருக்குளா தைக்க?"

"ப்ராஜெக்டுக்கு."

ரொம்ப நேரம் துணியத் தடவிக்கிட்டு நின்னா. பிறகு, "கழுத்த இறக்கிராத. அவளுக்குப் பிடிக்காது"ன்னு சொல்லிட்டு அடுப்பாங்கரைக்குப் போயிட்டா.

பின்னாலயே போனேன். சொன்னேன், அக்கா நாளைக்கு வாரான்னு. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. நிறுத்தல. "நீ போய்ட்டு வா. எப்படி இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு"ன்னா. நீயும் வான்னேன். கீரை எல்லாம் உருவி முடிஞ்ச பிறகும் வெறும் காம்ப உருவிக்கிட்டு இருந்தா.

பட்டன் வச்சு முடிச்சாச்சு. தேய்ச்சு மடிச்சு, பழைய செய்தித்தாள்ல சுத்தி வச்சிருக்கேன். இதுவரைக்கும் நான் தைச்சதுலயே சுத்தமான தையல் இதுதான். மார்க் போட ஆள் இல்லாத துணி.

ஜூலை 26, சனி

திருச்செந்தூர் பஸ்ல கூட்டம், பாதிப்பேர் மொட்டை போடப் போறவங்க. ஆத்தூர்ல இறங்கி வேற பஸ். புன்னைக்காயல்ல படகு எதுவும் கடலுக்குப் போகல. வலையெல்லாம் சுருட்டி வச்சு, தெருவெல்லாம் தோரணம். புதுச் சேலைங்க. நடக்குற எல்லாப் பொண்ணுங்களோட ரவிக்கைத் தோளையும் பாத்துக்கிட்டே போனேன், பழக்கதோஷம்.

அத்தான் வீடு கோயிலுக்குப் பின்னால. அக்கா வாசல்லயே நின்னா. நைட்டி, மேல துண்டு. கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு.

"வந்துட்டியாளா."

ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சேன். நடுவுல ஒண்ணு இடிச்சுது.

ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். "அஞ்சு மாசம்"னா என் காதுக்குள்ள.

ஏன் ஃபோன்ல சொல்லலன்னு கேட்டேன்.

"உன்ட்ட சொன்னா அம்மாட்ட சொல்லுவ. அம்மா அழுவா. அப்பா கேட்டுட்டும் கேக்காத மாதிரி இருப்பாரு. அது தெரிஞ்சா எனக்குத் தாங்காதுளா."

உள்ள போய் குர்தாவக் கொடுத்தேன். பைக்குள்ள கைய விட்டுப் பாத்தா, முதல்ல அதத்தான் செஞ்சா. தலை நுழைஞ்சுது, தோள் அச்சா உக்காந்துச்சு. மார்புக்குக் கீழ நின்னுபோச்சு. இழுத்தா. வரல. ரெண்டு பேருக்கும் சிரிப்பு. பாதியில அவளுக்கு அழுகையாயிருச்சு. மேல தூக்கிக் கழட்டப் போய் மாட்டிக்கிட்டு, தலை உள்ள இருக்க, அந்தத் துணிக்குள்ளயே அழுதா. நான் வெளிய இருந்து அவ முதுகத் தடவிக்கிட்டு இருந்தேன்.

சாப்பாடு. அவ மாமியார் பாறைமீன் குழம்பு வச்சிருந்தாங்க. எனக்கு முள் எடுத்துக் கொடுத்தாங்க, சின்னப் புள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. "ஓங்க அம்மைக்குக் கொஞ்சம் கொண்டு போறியா?"ன்னு கேட்டாங்க. சரின்னேன்.

பிறகு மொட்டை மாடியில நாங்க ரெண்டு பேரும் மட்டும். தூரத்துல ஆறு கடல்ல சேருற இடம் பளபளன்னு.

கம்பெனியில தெரியுமான்னு கேட்டேன். தெரியாதாம். தொளதொளன்னு அத்தான் சட்டைய மாட்டிக்கிட்டுப் போறாளாம். தெரிஞ்சா தையல் லைன்ல இருந்து எடுத்துருவாங்க, பிறகு கூப்பிட மாட்டாங்க.

"இந்த மாசம் பூரா பகலும் ராத்திரியும் சேத்துதான் வேல. துணிக்குச் சாயம் ஏத்தி வந்த பிறகு கலர மாத்திட்டாங்க. சரக்கு கப்பல் ஏறுற தேதிய மட்டும் மாத்தல."

"என்ன கலர்?"

"முதல்ல மஞ்சள். பிறகு, பழுத்த கொய்யாவ வெட்டினா உள்ள இருக்கும்லா, அந்தச் செவப்பு."

அந்தக் கலர் எனக்குத் தெரியும். பெங்களூர் ஆபீஸ்ல எனக்கு மேலதிகாரியா இருந்த மேடம், மேசையில துணித்துண்டுகள வரிசையா வச்சு, மஞ்சளத் தள்ளிட்டு அத எடுத்தாங்க. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாங்க. அறையில எல்லாரும் "ஆ"ன்னோம். கொஞ்ச நேர வேலை. நான் இன்டர்ன், என்ட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா நானும் அதத்தான் காட்டியிருப்பேன். மஞ்சள விட அது எவ்வளவோ அழகு. இப்பவும் அழகுதான்.

"அந்த ரூம்ல நான் இருந்தேன்கா."

அவ கோவப்படுவான்னு நினைச்சேன். "அப்படியா"ன்னா. "நல்ல கலருளா. தைக்கும்போதே நினைப்பேன், அதுல ஒண்ணு எனக்குப் போட்டுப் பாக்கணும்னு."

வேலைக்குக் கூப்பிட்டத அப்பத்தான் சொன்னேன். கீழ வெடி போட்டாங்க. கொடி ஏறிச்சு. அவ வயித்துல கை வச்சுக்கிட்டு அதையே பாத்தா.

குர்தாவத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்கு சாயங்காலம் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல கொடுக்கணும்.

ஜூலை 27, ஞாயிறு, மத்தியானம்

காலையில அம்மாட்ட சொல்லிட்டேன், அக்கா மாசமா இருக்கான்னு. மீன் குழம்புத் தூக்குச்சட்டியத் திறந்து மோந்து பாத்துட்டு மூடினா. பிறகு மறுபடி திறந்து விரல்ல தொட்டு நாக்குல வச்சா. "புளி கொஞ்சம் தூக்கல்"னா. கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது.

குர்தாவோட ரெண்டு பக்கமும் பிரிச்சேன். மிச்சமிருந்த அரை மீட்டர வெட்டி ரெண்டு பக்கமும் சேத்து, மார்புக்குக் கீழ சுருக்கு வச்சாச்சு. இனி வாற மாசங்களுக்கும் இடம் விட்டிருக்கேன். பை இடம் மாறிச்சு, ஆனா இருக்கு.

ஊசியக் கீழ வச்சுட்டு மேடத்துக்கு ஃபோன் போட்டேன். ஞாயிறுன்னும் பாக்காம எடுத்தாங்க. நல்லவங்கதான். கலர மாத்தினா தேதியையும் தள்ளிப்போட முடியாதான்னு கேட்டேன். யாருன்னு சொல்லாம, தெரிஞ்ச ஒருத்தர் அந்த லைன்ல தைக்கிறாங்கன்னு மட்டும் சொன்னேன்.

"மாலதி, கலர் நம்ம கையில இருக்கு. தேதி கடைக்காரங்க கையில. தேதி தவறினா ஆர்டரே போயிரும். அப்ப அவங்களுக்கு அந்த வேலையும் இருக்காது."

அவங்க சொன்னதுல பொய் இல்ல. நான் வரலைன்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்லுன்னாங்க. யோசிச்சுட்டேன் மேடம்னேன்.

யோசிச்சது இவ்வளவுதான்: அந்த மேசையில உக்காந்தா எனக்கு மறுபடியும் கொய்யா நிறம்தான் பிடிக்கும். பிடிக்கிற நேரத்துல அக்கா முகம் வரும். முதல் மாசம் வரும். பிறகு வராம போயிரும்.

ஃபோன வச்ச அடுத்த நிமிஷமே அந்த வேலை வேணும்னு இருந்துச்சு. அந்த ரூம், அந்த ஜன்னல் வெளிச்சம், மேசை பூராவும் துணி. இதுக்குன்னுதான படிச்சேன். வேற எங்க போய்ச் செய்யப் போறேன்னு தெரியல.

சாயங்காலம்

கிளம்பும்போது அம்மா சேலை மாத்திக்கிட்டு வந்தா. அப்பா கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். அம்மா அவரப் பாக்காம, சுவரப் பாத்துச் சொன்னா: "கனி மாசமா இருக்கா. பஸ் ஏத்திவிடப் போறேன்." பேப்பர் அசையல. வந்துட்டோம்.

பஸ் ஸ்டாண்டுல அம்மா நேராப் போய் அக்கா வயித்துல உள்ளங்கைய வச்சா. வச்சபடியே நின்னா. அத்தான் நகந்து போய் தண்ணி பாட்டில் வாங்கிக்கிட்டு இருந்தார், ஒரு பாட்டிலுக்கு அவ்வளவு நேரம்.

அக்கா கழிப்பறையில போய் குர்தாவ மாத்திக்கிட்டு வந்தா. சரியா இருந்துச்சு. நடந்து காட்டினா. வயசான ஒரு பொம்பள, "எங்கம்மா எடுத்த?"ன்னு கேட்டுட்டுப் போனா.

வேலைக்குப் போகலைன்னு சொன்னேன். அவ முகம் சுருங்கிருச்சு.

"எனக்காகவா? நான் உன்ட்ட கேட்டேனா? நீ போகலைன்னா அங்கன வேற ஒருத்தி உக்காருவா. எனக்கு ராத்திரி வேல குறையுமா?"

"குறையாது."

"பிறகு?"

அவ குர்தா தோள்ல ஒட்டியிருந்த நூலப் பிச்சு எடுத்தேன். அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. "நாளைக்குப் போய் கம்பெனியில சொல்லிருதேன், மாசமா இருக்கேன்னு. இத மறைச்சு அந்தச் சட்டைய இனி மாட்ட மாட்டேன்"னா. அதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்களோ. அத்தான், "எடுத்தா எடுக்கட்டும், ஊருக்கு வந்துருவோம்"னார். சொன்ன குரல்ல பயம் இருந்துச்சு.

பஸ் நகந்தப்ப அம்மா பின்னாலயே கொஞ்ச தூரம் நடந்தா. நடக்கல, ஓடினா.

ஜூலை 28, திங்கள்

காத்து நின்னுருக்கு. புழுக்கம்.

அம்மா டீ வச்சுட்டு துணி காயப்போடப் போயிட்டா. அப்பா செருப்ப மாட்டிக்கிட்டே, என்னப் பாக்காம, "ஜன்னல் சீட்டு கெடச்சுதா?"ன்னு கேட்டார்.

கெடச்சுதுன்னேன்.

"அவளுக்கு பஸ்ஸு ஒத்துக்காதுல்லா."

கடைக்குப் போயிட்டார். டீயக் குடிக்காமலே.