நான்கு மூலையிலும் மஞ்சள்

போபோடி, புனே
6-2-1999

டாக்டரம்மாவுக்கு,

கலியன்.
முப்பதாம் நாள் தவறிவிட்டது.

*

புனே
11-2-1999

கலியன் ஐயாவின் குடும்பத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய கார்டு கிடைத்தது. எனக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும். அதனால் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கார்டின் மூலை கிழிந்திருப்பதைப் பார்த்ததுமே கையில் வாங்க மாட்டேன் என்றாள். சாவுச் செய்தியை அப்படித்தான் மூலையைக் கிழித்து அனுப்புவார்களாம். பிறகு தூரத்திலிருந்தே படித்துச் சொன்னாள்.

ஐயாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். நெஞ்சு வலியோடு அவர் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்த அன்று நான்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போகும்போது நன்றாக இருந்தார்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. கேஸ் பேப்பர் என்ற பதிவுச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்க வைக்காமல், வாசலிலேயே நர்ஸ் பார்த்து, ஆபத்தானவர் கையில் சிவப்பு நாடா கட்டி உள்ளே அனுப்பினால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. முப்பது நாள் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். மறுபடி வலி வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று யாராவது எழுதுவீர்களா? நான் எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வருத்தத்துடன்,
பார்கவி

*

போபோடி
16-2-1999

மதிப்பும் அன்பும் நிறைந்த டாக்டரம்மாவுக்கு, கலியன் உயிரோடு இருந்து எழுதுவது.

என் அறுபத்து நான்கு வயதில் நான் சொந்தமாகப் படித்த முதல் கடிதம் உங்களுடையது. போஸ்ட்மேனை நிறுத்திவைத்து, விலாசத்தை நானே படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கினேன். வாசற்படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். “ஆழ்ந்த” என்ற இடத்தில் கொஞ்சம் நேரம் ஆனது. யாரோ போய்விட்டார்கள் என்று மட்டும் புரிந்தது. எனக்கும் வருத்தமாகிவிட்டது. மேலே திரும்பப் போய்ப் பார்த்தால் என் பெயர்.

பக்கத்து வீட்டு லூர்துசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, “எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை கலியா. நீ போனதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்” என்றார். அன்றிலிருந்து தெருவில் என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுகிறார்.

நடந்தது இதுதான். நீங்கள் கொடுத்த கார்டை முப்பதாம் நாள் எழுதச் சொன்னீர்கள். என் எழுத்து பெரியது, வேகமும் கிடையாது. இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. முப்பதாம் நாள் தவறிவிட்டது, மன்னிக்கவும், நான் சுகம் என்று எழுத நினைத்தேன். ‘தவறிவிட்டது’ என்பதில் ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டுவிட்டேன். எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வெங்கடேஸ்வரன் சார் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் அந்த இரண்டுக்கும்தான் என்னை அதிகம் திட்டுவார். எச்சில் தொட்டு அழித்தேன். எழுத்தோடு மூலையும் வந்துவிட்டது. புது ‘ற’வைப் பெரிதாகப் போட்டதில் மீதிக்கு இடம் இல்லை. கார்டின் பின்பக்கத்திலும் எழுதலாம் என்று லூர்துசாமி பிறகுதான் சொன்னார்.

மாத்திரை தீரவில்லை. வலி வரவில்லை. கடகி பாஜாருக்கு நடந்தே போய்வருகிறேன். அன்றைக்குக் காலிபிளவர் வாங்கும்போது வியர்த்துக் கொட்டி, லூர்துசாமி என்னை ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்தார். ரீனா சிஸ்டர் வாசலில் என் முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டார், நாடாவைக் கட்டினார். முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். லூர்துசாமி பழக்கதோஷத்தில் போய் வரிசையில் நின்றுகொண்டார். அவர் கேஸ் பேப்பரோடு உள்ளே வந்தபோது எனக்கு ஊசி போட்டு முடிந்திருந்தது.

அம்மாவைக் கார்டைக் கையில் வாங்கச் சொல்லுங்கள். தீட்டு இல்லை.

இப்படிக்கு,
மூன்று நாளாக இதை எழுதிய
கலியன்

*

புனே
20-2-1999

அன்புள்ள கலியன் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுக்காமல் நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நீங்கள் மூன்று நாள் எழுதியதற்கு அது அதிகம் இல்லை. பிறகு ரீனாவுக்கு மராத்தியில் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து நாடாப் பெட்டியைக் கீழே தள்ளிவிட்டாள். உங்கள் பெயரை ஒரு பட்டியலிலிருந்து அடித்து இன்னொரு பட்டியலில் எழுதினேன். அப்படி எழுதுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

ஒரு கவலையும் சொல்கிறேன். மார்ச் முப்பதாம் தேதி ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. வாசலில் ரீனாவின் மேஜை இருக்க வேண்டுமா, பழையபடி வரிசையே போதுமா என்று அன்று முடிவு. சிவப்பு நாடா கட்டியவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். நாற்பது பேரிடமிருந்து கார்டு வரவில்லை. இருக்கிறார்களா இல்லையா தெரியாமல் நாற்பது பேரை விட்டுவிட்டு வந்து நிற்காதே என்று கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். மறுபடியும் கார்டு அனுப்பிப் பார்த்தேன். பதில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள்.

அன்புடன்,
பார்கவி

*

போபோடி
25-2-1999

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு, கலியன் வணக்கத்துடன் எழுதுவது.

நாற்பது பேர் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் வரை நானும் அப்படித்தான். எழுத்து உள்ள காகிதம் வீட்டுக்கு வந்தால் அரிசி டப்பாவின் அடியில் வைத்துவிடுவோம். பக்கத்தில் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்ல வெட்கம். நீங்கள் இரண்டாவது கார்டும் அனுப்பியதால் டப்பாவின் அடியில் இப்போது இரண்டு கார்டு இருக்கும்.

ஆனால் எழுத்துத் தெரியாத காலத்திலும் ஊரிலிருந்து வரும் கடிதத்தில் பாதியை நான் படித்துவிடுவேன். நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தால் நல்ல செய்தி. மூலை கிழிந்திருந்தால் சாவு. உங்கள் அம்மாவுக்கும் அது தெரியும் அல்லவா. இங்கே மராட்டிக்காரர்களையும் கேட்டேன். போசரியில் என்னோடு வார்ப்படத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் தெரியும் என்றார்கள். எல்லார் வீட்டிலும் மஞ்சள் இருக்கிறது. பேனா இல்லை.

அதனால் கேள்வி எதுவும் எழுதாதீர்கள். சிவப்பு நாடா கட்டிய ஒரு கை படம் போடுங்கள். கீழே மஞ்சள் தடவிய ஒரு கார்டு, மூலை கிழிந்த ஒரு கார்டு. உங்கள் விலாசத்தையும் அவரவர் கேஸ் பேப்பர் எண்ணையும் அச்சடித்து அனுப்புங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான்கு வருடம் முன்பு என் மனைவி அஞ்சலையை மூச்சு முட்டி அதே வாசலுக்குக் கொண்டுவந்தேன். அப்போது மேஜை இல்லை. அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாரும் நின்றார்கள். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வரிசையை விடாதே என்று கையைக் காட்டினாள். பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பேப்பருக்கு வேலை இல்லை.

அந்த மேஜை இருக்க வேண்டும் டாக்டரம்மா. உங்கள் ஆராய்ச்சிக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

உப்பு பாதி குறைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கலியன்

*

புனே
31-3-1999

அன்புள்ள கலியன் ஐயாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. மேஜை இருக்கும். ஒன்று இல்லை, இரண்டு. இனி எல்லா நாளும்.

படத்தை ரீனா வரைந்தாள். கை வாழைப்பழம் மாதிரி வந்துவிட்டது. ஆனாலும் புரிந்துகொண்டார்கள். நாற்பதில் முப்பத்தாறு வந்தன. என் மேஜை முழுவதும் மஞ்சள். ஃபைல், ஸ்டெதஸ்கோப், கோட்டுப் பை எல்லாம் மஞ்சள். ஒருவர் குங்குமமும் வைத்து அனுப்பியிருந்தார். ஐந்து கார்டுகளில் மூலை கிழிந்திருந்தது. அவற்றைத் தனியாக வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதினேன். இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஒரு கார்டு மட்டும் எங்களுக்குப் புரியவில்லை. இரண்டு மூலையில் மஞ்சள், இரண்டு மூலை வெறுமை. வீட்டில் மஞ்சள் தீர்ந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். ரீனா ஆகுர்டிக்குப் போய்ப் பார்த்தாள். லேத் வேலை செய்கிறவர். பக்கவாதம் வந்தவர். இப்போது நடக்கிறார், வலது கை இன்னும் வரவில்லை. பாதி சரியாகிவிட்டது, அதனால் பாதி தடவினேன் என்றாராம். எங்கள் படிவத்தில் அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, ஐயா. அவர் அந்தப் படிவத்தைப் பார்த்ததே இல்லை.

பழைய முறையில் நூறு பேருக்குப் பதினெட்டு பேரை இழந்தோம். இப்போது பதினொன்று. கமிட்டித் தலைவர் ஒரு மஞ்சள் கார்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அஞ்சலை அம்மாவைப் பற்றி நான் அங்கே சொல்லவில்லை. சொல்லாமலே முடிந்தது. ஆனால் பேசும்போது உங்கள் கடிதம் என் பையில் இருந்தது.

அன்புடன்,
பார்கவி

*

போபோடி
11-4-1999

அன்பும் ஆசியும் சேர்த்து டாக்டரம்மாவுக்குக் கலியன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை ஞாயிறு வகுப்பில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். ‘ஸ்டெதஸ்கோப்’பில் மாட்டிக்கொண்டேன். வெங்கடேஸ்வரன் சார் உதவ வந்தார், நான் விடவில்லை. மூன்றாவது முறையில் வந்துவிட்டது. லூர்துசாமி இனிமேல் தொப்பியைக் கழற்ற மாட்டாராம், நான் பிழைத்துக்கொண்டது உறுதியாகிவிட்டதாம்.

நேற்று பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். மேஜையைப் பார்க்க வந்தேன். நீங்கள் உள்ளே வேலையாக இருந்தீர்கள், கூப்பிட வேண்டாம் என்று ரீனா சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார். என் வயது இருக்கும். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சிஸ்டர் பார்த்தார், சிவப்பு நாடாவைக் கட்டினார், தள்ளுவண்டி வந்தது, உள்ளே போய்விட்டார்கள். நான் மனதுக்குள் ஐம்பது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது. அவர் மட்டும் வெளியே நின்று இனி என்ன செய்வது என்று கேட்டார். கேஸ் பேப்பர் வரிசையைக் காட்டினேன். வரிசை நீளமாக இருந்தது. “நிதானமாக வாங்குங்கள், அவர்கள் உள்ளே போயாயிற்று” என்றேன்.

அவர் போய் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். சுவர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் மழையைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அந்த வரிசையில் ஒருவர் மாம்பழத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அதனால் மஞ்சள் தேவையில்லை. இருந்தாலும் நான்கு மூலையிலும் தடவியிருக்கிறேன், உங்கள் அம்மா கையில் வாங்குவதற்காக.

இப்படிக்கு,
முழுவதும் சுகமாக இருக்கும்
கலியன்

பின்பக்கத்திலும் எழுதலாம் என்பது ஞாபகம் இருந்தது.