கிணறு வெட்டின நூப்

தை 20, 2025
மகன் கோகுலன் நேற்றும் கனடாவிலிருந்து போன் எடுத்தான். சாப்பிட்டன், ஓம், குளிர்தான். அவ்வளவு. அங்கே போன நாளிலிருந்து இதே மூன்று சொல்தான். நான் மட்டும் என்ன, ஸ்னோ கொட்டுதோ என்று கேட்டுவிட்டு என் மனுசியிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

தை 23
மகள் தாரிகா சொல்கிறாள், அண்ணை வேலையால் வந்தால் போனில் ஒரு விளையாட்டுக்குள்தானாம். அதற்குள் நல்லாய்க் கதைப்பானாம்.
"அப்ப என்னையும் அதுக்குள்ளை விடு பிள்ளை."
எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வந்த ஆசை.

தை 25
விடிய உள்ளே போனேன். அங்கே அது முதல்நாள் இரவாம். எல்லாம் கட்டை கட்டையாய்: சதுர ஆடு, சதுரச் சூரியன். நல்ல வெறுங்காணி. உரும்பிராய் வெங்காயத் தோட்டக்காரன் காணியைக் கண்டால் முதலில் என்ன செய்வான்? கிணறு. காலடியிலேயே வெட்டினேன். மண் போய்க் கல்லு வந்தது. அட, எங்கடை ஊர் போலவே! இன்னும் வெட்டினேன். இருட்டு. நெருப்புக் குழம்பு. செத்துப்போனேன்.
கோகுலனோடு உள்ளே நின்ற அவனுடைய கூட்டாளி றஞ்சித் "நூப்" என்று விழுந்து விழுந்து சிரித்தான். கோகுலன் சிரிக்கேல்லை. ஏன் சிரிக்கேல்லை?

தை 26
நூப் என்றால் புதிதாய் வந்து ஒன்றும் தெரியாமல் நிற்கிறவராம். தாரிகா சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாசி 2
இன்று அவனும் நானும் மட்டும். என்ன கதைக்கிறது? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆச்சரியம், விளக்கினான். முதலில் 'நியூபி'யாம், அதைச் சுருக்கித்தான் நூப். அதற்கும் முன்னம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாய் வருகிறவனை 'நியூ போய்', புதுப் பையன், என்பார்களாம், அதிலிருந்து வந்திருக்கலாம். ஆமிக்காரரின் சொல் என்றும் சொல்லுவினம். ஒருத்தருக்கும் சரியாய்த் தெரியாதாம்.
எங்கடை கத்துக்குட்டிதான் என்றேன். கற்கிற குட்டி. அதிலை ஒரு குட்டியாவது இருக்கு, தூக்கி மடியில் வைக்கலாம்.
சதுரச் சூரியன் கடலுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னான்:
"வேலையிலை என்னையும் உப்பிடித்தான் கூப்பிடுறாங்கள் அப்பா. ஒண்டும் சரியா வருகுதில்லை. சொல்ல வெக்கமாக் கிடந்தது."
ஐயோ, நானெல்லோ ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன், என்ரை மகன் போன உடனை வெளுத்து வாங்கிறான் எண்டு. அவனும் கேட்டிருப்பான் — பிறகெப்பிடி வாய் திறக்கிறது?
"நானும் கிணத்துக்குள்ளைதானே கிடக்கிறன் தம்பி" என்றேன்.
சிரித்தான். பழைய சிரிப்பு.

மாசி 3
கனவிலும் சதுர ஆடு. எங்கள் வெங்காயத்தைத் தின்றது. துரத்த மனம் வரவில்லை.

மாசி 9
விடிய உள்ளே போனேன். கோகுலன் இன்னும் வரவில்லை. நான் விழுந்த கிணற்றைச் சுற்றிக் கட்டுக் கட்டியிருந்தான். உள்ளே சுவரோடு படி. பயந்து பயந்து இறங்கினேன். அடியில் நெருப்பில்லை. தண்ணீர் நின்றது, நீலமாய், அசையாமல்.
அதிலேயே நின்றுகொண்டிருக்கக் கையிலிருந்த போன் அடித்தது. அவன்தான்.
"நேரமிருக்கோ அப்பா? கொஞ்சம் கதைக்கவேணும்."
வெங்காயத்துக்குக் காலையில் இறைக்கிற தண்ணீர் இன்றைக்குப் பின்னேரம்தான்.