நேர்த்தி வைச்ச தலைமயிர்

மே 4, திங்கள்

விடியவே மேற்கால அடிக்கிற கச்சான் காத்து. வெக்கை. கொடியில காயப்போட்ட பிள்ளையின்ர துணியெல்லாம் மணல்.

இவர் இன்னும் கடலால வரேல்ல. போட் எஞ்சின் பழுதெண்டு போனில சொன்னதுதான் கடைசிக் கதை. இந்தக் காத்து போட்டைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியாலதான் தள்ளும். நேவி தேடுதாம். போன கிழமையும் அதைத்தான் சொன்னவை.

இவர் வந்தால் முழுத் தலைமயிரையும் தாறன் எண்டு சல்லிக் கோயில் அம்மாளாச்சிக்கு நேர்த்தி. இடுப்புக்குக் கீழ நிக்கிற மயிர். இவருக்கு அதில ஒரு பைத்தியம்.

இண்டைக்குத் தலை இழுக்கேக்க சீப்போட கொத்தாக் கழண்டு வந்திட்டுது.

மே 5, செவ்வாய்

தலையணையில. குசினியில. பிள்ளையின்ர கைக்குள்ள. மாமியின்ர சோத்துக் கோப்பைக்குள்ளயும் ஒண்டு. இவரின்ர அம்மா, வாய்க்காரி, ஆனால் பேசாமல் எடுத்தெறிஞ்சிட்டுச் சாப்பிட்டா. ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

பயமாக் கிடக்கு. அம்மாளாச்சி ஆளைத் தராமல் மயிரை மட்டும் எடுக்கத் தொடங்கிட்டாவோ?

இனித் தலை இழுக்கிறேல்ல. முழுகிறேல்ல. தொட்டால்தானே விழும்.

மே 7, வியாழன்

பிள்ளைக்கு ஊசி, கிளினிக். மிட்வைஃப் மிஸ்ஸி என்ர தலையைப் பாத்திட்டு, "என்ன கோலம் பிள்ள, காகம் கூடு கட்டப்போகுது" எண்டா. எல்லாருக்கும் முன்னால அழுதிட்டன். வெக்கங்கெட்ட கண்.

அவ சொன்னது: வயித்தில பிள்ளை இருக்கேக்க, விழவேண்டிய மயிரும் விழாமல் நிக்குமாம். பெத்து மூண்டு நாலு மாதத்தில எல்லாம் சேத்து விழும். வெளியால நிக்கிற மயிருக்கு உயிரில்ல, நகம் மாதிரி. உயிர் தோலுக்குள்ள, வேரில. பழசு விழுந்த குழிக்குள்ளாலயே புதுசு வரும், மாதத்துக்கு ஒரு நக அகலம்.

"இழுக்காமல் விட்டாலும் விழுறது விழும். சிக்குத்தான் மிச்சம்."

"திரும்ப வருமோ மிஸ்ஸி?"

"ஓம், கட்டாயம் வரும்."

மயிர் வரும். இவர்?

மே 8, வெள்ளி

சிக்கெடுத்தன். பாதி கையோட வந்திட்டுது. வகிட்டில தோல் வெள்ளையாத் தெரியுது.

செய்ய: மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சவுக்காரம், மீனவர் சங்கத்தில போய் இவரின்ர சேதி கேக்க. ஒண்டும் செய்யேல்ல.

இப்பிடியே போனால் இவர் வரேக்க குடுக்க என்ன மிஞ்சும்? இருக்கிறதை இப்பவே குடுத்திடுவம் எண்டு மாமியிட்டச் சொன்னன். கத்தினா.

"அவன் உயிரோட இருக்கேக்க மொட்டையோ? செத்திட்டான் எண்டு நீயே ஊருக்குச் சொல்லப் போறியோ?"

"செத்திட்டார் எண்டு நினைச்சால் நான் ஏன் மாமி குடுக்கப்போறன்?"

பிள்ளை வீரிட்டது. ரெண்டு பேரும் சாப்பிடேல்ல. மீன்குழம்பு பூனைக்கு.

மே 10, ஞாயிறு

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு சல்லிக்குப் பஸ். முடி எடுக்கிறவர் என்ர நேர்த்தி தெரிஞ்ச ஆள், "புருஷன் வந்திட்டாரோ தங்கச்சி?" எண்டார்.

"இல்ல. எடுங்கோ."

கொஞ்சநேரம் கத்தியோடயே நிண்டார். பிறகு எடுத்தார். பிள்ளை என்னைப் பாத்து ஆரோ எண்டு அழுதது.

அம்மாளாச்சிக்கு முன்னால கெஞ்சேல்ல. சண்டைக்குத்தான் நிண்டனான். நீ தர முதல் நான் தந்திட்டன், இனி நீ தா.

வீட்ட வர, மாமி என்னைப் பாத்திட்டு விறுக்கெண்டு உள்ளுக்குப் போனா. போச்சு, இனி முகம் பாக்க மாட்டா எண்டு நினைச்சன். சந்தனம் குழைச்சுக்கொண்டு வந்தா. கதிரையில இருத்தித் தலை முழுக்கப் பூசினா.

பிறகு சொன்னா: "அவன் வந்து ஏசினால், நீ வாய் திறக்காத. நான் பதில் சொல்லுறன்."