வாசலில் ஊற்றும் காபி

ஜாக்மெல், ஹெய்ட்டி

அன்பு மகளே,

நான் பேய்களைக் கும்பிடுவதாக மயாமியில் உன் சபையார் சொல்வது தவறு. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். கடவுள் ஒருவரே என்று உனக்குச் சொல்லித்தந்ததும் நான்தான்.

தொலைபேசியில் கேட்டாயே: "ஒரே கடவுள்னா, வாசல் காக்கிற லெக்பா ஆவிக்கு எதுக்கும்மா காபி ஊத்துறே? அதை நிறுத்து, அப்பத்தான் உன் பேத்தியை அனுப்புவேன்."

பக்கத்து வீட்டு இடாலி இதைக் கேட்டுச் சிரித்தாள். "மாளிகை வாட்ச்மேனுக்கு வணக்கம் வச்சா, அவன் ஜனாதிபதி ஆயிடுவானா?"

லெக்பாவும் கடவுளிடம் அனுமதி கேட்டுத்தான் வழி திறக்கிறான். உன் அப்பா போன பிறகு நான் கடவுளிடம் கேட்பது உங்கள் வருகையை மட்டும்தான். அதற்கு வாசல் திறந்திருக்க வேண்டாமா?

ஆனாலும் நீ சொன்னபடி மூன்று நாளாகக் காபி ஊற்றவில்லை. நூறு தடவை வாசலைப் பார்த்துவிட்டேன்.

பேத்தி எந்தத் தேதியில் வருகிறாள்? கடிதமாகவே பதில் எழுது; அதாவது வாசல் வழியாக வரட்டும்.

உன் அம்மா