படத்தில் உன் கை இருக்கும்

விரல்களை முந்தானைக்குள் ஒளித்தே வைத்திருந்த என் அம்மாவுக்கு,

இல்லை, வெட்டச் சொல்லவில்லை. படத்தில் உன் கை அப்படியே இருக்கும்.

அடுத்த வாரம் உன் முதல் திதி. கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். நீ சிரிக்கிற படம் ஒன்றுதான் இருக்கிறது. தேயிலை மலையில் நீ கொழுந்து பறிக்கும்போது எடுத்தது. கூடையின் விளிம்பில் இரண்டு கைகள். பத்து விரலும் கறுப்பு.

"முகம் மட்டும் போதும்லா," என்றார் அப்பா. "கைய வெட்டிடச் சொல்லு. அவளுக்கே பிடிக்காது."

உண்மைதான். என் பட்டமளிப்புக்கு முந்தின நாள் துணி வெளுக்கிற பிளீச்சில் நீ கையை ஊறவைத்தாய். கறை கொஞ்சம் போனது. தோல் நிறையப் போனது. மறுநாள் எல்லாப் படத்திலும் உன் கை முந்தானைக்குள்.

"கெமிஸ்ட்ரி படிச்சவ, இந்தக் கறைக்கு ஒரு மருந்து சொல்ல மாட்டேங்குற," என்றாய்.

"சோப்பு கண்டுபிடிக்கவா என்னை அனுப்புன?" என்றேன் கோபமாக. அந்தக் கறை எதனால் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை?

இன்று காலை அதை அப்பாவிடம் சொன்னேன். கொழுந்துக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று துவர்ப்புப் பொருள். மற்றது ஒரு நொதி. இலை கசங்கினால் இரண்டும் சேரும். காற்று படும். நிறம் மாறும். வாழைக்காய் நறுக்கினால் கறுப்பதும் இதனால்தான். பேக்டரியில் இலையை உருட்டுவதே இதற்காகத்தான். அங்கே அதற்குப் பெயர் தேயிலை. உன் விரலில் மட்டும் அழுக்கு.

நான் இப்போது தேயிலைச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், அம்மா. அந்த நிறத்தை அளப்பதுதான் என் வேலை. நிறம் நன்றாக ஏறியிருந்தால் நல்ல தேயிலை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

"பேக்டரி செய்யுறத அம்மா கை முன்னாடியே செஞ்சிருக்குப்பா."

அப்பா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அத அவகிட்ட சொல்லியிருக்கலாம்லா."

சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன். கேட்கிறதா?

படத்தைப் பிரிஞ்சாங் டவுனில் இருக்கிற ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் நல்லவர்தான். "கைய கொஞ்சம் வெள்ளையாக்கிடவா, தங்கச்சி? கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷம்," என்றார்.

"வேணாண்ணே. எல்லாம் அப்படியே இருக்கட்டும். பெரிசா போடுங்க."

"கறை தெரியுமே."

"தெரியணும்."

திதிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்வேன். சுருக்காமல், நொதியிலிருந்து தொடங்கி. உன் கையை அழுக்கு என்று இனி யாரையும் சொல்ல விடமாட்டேன். என்னையும் சேர்த்துத்தான்.

படம் சனிக்கிழமை கிடைக்கும். வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரில் ஆணி அடித்தேன்.

உன் கை வளர்த்த மகள்