ஐந்தாம் இடத்தில் வாஷிங் மெஷின்

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு லென்ஸ் துடைத்தேன். காலையில் சிந்தசைசர், சாப்பாட்டுக்குப் பின் கிடார், சாயங்காலம் மறுபடி சிந்தசைசர். முப்பது வருடமாக நான் நியூ வேவ், அதாவது எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகள், கேட்கும் முறை இதுதான். அந்தப் பாடகர்களின் குரல்தான் எனக்கு உயிர். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் பேசுவது போல இருக்கும். கவலை தெரியும், ஆனால் அழ மாட்டான்.

வீட்டுக்கு வந்தால் வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது. டும்-டக்-டும்டும்-டக். பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பாட்டுகளில் தாளம் போடும் டிரம் மெஷினேதான்!

மார்ச் 5, வியாழன்

துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி போன் செய்தான். பிடித்த பத்து இசைக்குழுக்களை வரிசைப்படுத்தி ஞாயிறுதோறும் நாங்கள் சண்டை போடுவது கல்லூரிக் காலத்துப் பழக்கம். மெஷினுக்கு ஐந்தாம் இடம் என்றேன்.

"பாடகரே இல்லாம எப்படிக்கா அஞ்சாவது இடம் குடுப்பே?"

நியாயம்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

துணி பிழியும் நேரத்தில் மெஷின் குதித்துக் குதித்துக் குளியலறையைத் தாண்டி ஹாலுக்கே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"இறங்குங்க. நீங்க உக்காந்தா பேஸ் சத்தம் அமுங்குது," என்றேன்.

"ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றார், மேலே ஆடிக்கொண்டே.

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரம்தான் — ஒரு பாட்டின் முன்னிசை அளவு. அதற்குள் மனிதருக்கு முகம் சுண்டிப்போனது.

மார்ச் 12, வியாழன்

நான் கடையில் இருந்தபோது இவர் மெக்கானிக்கை வரவழைத்து, சத்தம் போட்ட பேரிங்கை மாற்றிவிட்டார். மெஷின் இப்போது பூனை நடப்பதுபோல் ஓடுகிறது. பாவி மனுஷன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? எல்லாம் அன்னிக்கு நான் யோசிச்சதுக்குப் பழியா? — இருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

ஹெட்போனைக் கழற்றாமலே சாப்பாடு போட்டேன். அவரும் பேப்பரை மடிக்காமலே சாப்பிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்தாம் இடம் காலி என்று தம்பியிடம் சொன்னேன். துக்கம் விசாரிப்பதுபோல் பேசினான். போனை வைத்ததும் இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் வரிசைல நான் எத்தனாவது?"

"நீங்க குழு இல்லையே."

உண்மையைத்தானே சொன்னேன். பின்னே ஏன் தூக்கம் வரவில்லை?

மார்ச் 19, வியாழன்

பழைய பேரிங்கைத் திருப்பிக் கேட்டு இவர் மெக்கானிக்கிடம் போனாராம். அது காயலான் கடைக்குப் போய்விட்டதாம். மெக்கானிக்கே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

வாசலில் இவருடைய ஆபீஸ் ஷூ ஒன்று மட்டும் கிடந்தது. உள்ளே சத்தம். டும்-டக்-டும்டும்-டக்.

எட்டிப் பார்த்தேன். அதன் ஜோடி மெஷினுக்குள், என் துண்டுகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. மெஷின் மறுபடி ஹால் பக்கம் நகர, இவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தபடி, "போகாதே... போகாதே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்ற இறக்கமே இல்லை. கடைசி பஸ் போய்விட்ட குரல்.

தாளம் கொஞ்சம் பிசகுகிறது. சொல்லவில்லை.

தம்பி கூப்பிட்டான். புதுக் குழு, நாலாம் இடம் என்றேன்.

"பாடகர் இருக்காராக்கா?"

"இருக்கார். உங்க மாமாதான்."

முதலிடமே கொடுத்திருப்பேன். கொடுத்தால் இவருக்குத் தலைகால் புரியாது.